அரை ஏக்கரில் பூந்தோட்டமா, காடா? பெங்களூர்க் குடியிருப்புகளுக்கு ஓர் ஒப்பீடு

தெற்கு பெங்களூரில், கனகபுரா சாலைப் பக்கம் இருக்கிறது எங்கள் லேஅவுட். பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய 20 குண்டே நிலம் அதில் உண்டு, அதாவது அரை ஏக்கர். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், இன்னொரு பக்கம் காம்பவுண்டு சுவர், நடுவே உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மண்டிய தரிசு. இதை இந்த மழைக்காலத்துக்குள் சீர்செய்வது என்று அசோசியேஷன் கூட்டத்தில் முடிவானதும் நான்கு யோசனைகள் வந்தன. சீசனுக்கு ஏற்ப மாற்றி நடும் பூப்பாத்திகளும் புல்தரையும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்குப் பெயர் வாங்கித் தந்த டபேபுயா, ஜகரண்டா மாதிரியான பூமரங்கள் இரண்டாவது. மியாவாகி முறையில் அடர்காடு மூன்றாவது. இந்த மண்ணுக்கே உரிய இலையுதிர் காட்டை மெதுவாகத் திரும்பக் கொண்டுவருவது நான்காவது.

நான் தோட்டக் கமிட்டியில் இருக்கிறேன். தண்ணீர், செலவு, ஆள், அழகு என்று எல்லாப் பக்கமும் பார்த்த பிறகு நான்காவதற்குத்தான் வாக்களித்தேன். அதற்கான காரணங்களை எழுதி வைத்தால், இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்ற குடியிருப்புகளுக்கும் உதவும் என்று தோன்றியது. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுரம், எலஹங்கா என்று எங்கே போனாலும் அசோசியேஷனில் நம் ஆட்கள் இரண்டு பேராவது இருக்கிறார்கள். அதிலும் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் காடு புதிதே இல்லை. பன்னேர்கட்டா காடும் தளிக் காடும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. மாநில எல்லையை யானைகள் கணக்கில் எடுப்பதில்லை, மரங்களும் எடுப்பதில்லை.

முதலில் தண்ணீர்

பெங்களூரில் எந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசினாலும் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம், குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, கார் கழுவக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. அந்தக் கோடையில் போர்வெல் வற்றி, டேங்கருக்கு வரிசையில் நின்ற குடியிருப்புகளில் முதலில் கருகியவை புல்தரைகள்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை ஏக்கர் என்பது ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். கோடையில் புல்லும் பூச்செடியும் வாடாமல் இருக்க, சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். ஆக, நாளொன்றுக்கு 10,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு டேங்கர். அதே அரை ஏக்கரில் மூன்று மீட்டர் இடைவெளியில் 225 மரக்கன்றுகள் வைத்தால், கன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் வாரம் இருமுறை ஊற்றினாலும் வாரத்துக்கு 4,500 லிட்டரில் முடிந்துவிடும். அதுவும் முதல் இரண்டு, மூன்று கோடைகளுக்கு மட்டும். பிறகு மழையே போதும். பெங்களூரில் வருஷத்துக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் அரை ஏக்கரில் மட்டும் அது 19 லட்சம் லிட்டருக்கு மேல். இலைச்சருகு மூடிய மண்ணாக இருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கும். இறுகிப்போன வெற்றுத் தரையாக இருந்தால் கால்வாய்க்கு ஓடிவிடும்.

எஸ்டிபி தண்ணீர், அதாவது குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர், இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். இருக்கிறது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலும் உப்பு சேரும், பம்பு ஓட மின்சாரம் வேண்டும், ஏப்ரலில் பாதி வீடுகள் ஊருக்குப் போய்விட்டால் அதுவும் குறையும். 10,000 லிட்டர் தினமும் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது.

பூப்பாத்திகள்

தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிட்டு பூப்பாத்திகளை நான் வெறுப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். குடியரசு தினத்தை ஒட்டி லால்பாக் தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சிக்குப் போகாத வருஷம் எங்கள் வீட்டில் குறைவு. 1889ல் அடிக்கல் நாட்டிய அந்தக் கண்ணாடி மாளிகையின் கீழ் பெட்டூனியாவும் சால்வியாவும் டாலியாவும் கொள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தால், நம் வாசலிலும் நாலு பாத்தி போடலாம் என்று யாருக்கும் ஆசை வரும். இந்த ஊரின் பூவுக்கும் தமிழுக்கும் பழைய சொந்தமும் உண்டு. லால்பாக்கைச் சுற்றிப் பூவும் கீரையும் பயிரிட்ட திகளர் சமூகத்தின் வேர்கள் தமிழ்நாட்டில்தான் என்பார்கள். சித்திரா பௌர்ணமியில் கரகம் எடுத்து நகரையே விழிக்க வைப்பவர்களும் அவர்கள்தான்.

ஆனால் சீசன் பூ என்பது மூன்று மாதக் கணக்கு. நாற்று வாங்கி, மண் கிளறி, தொழுவுரம் போட்டு, பூத்து முடிந்ததும் பிடுங்கி, மறுபடி தொடங்க வேண்டும். வருஷத்துக்கு நான்கு முறை வாங்கும் நாற்று, நிரந்தரமாக ஒரு மாலி (தோட்டக்காரர்), பூச்சி மருந்து எல்லாம் மாதச் சந்தாவில்தான் ஏறும். கமிட்டி மாறி, புதிய பொருளாளர் செலவைக் குறைத்தால், ஒரே கோடையில் தோட்டம் போய்விடும். லால்பாக்கில் அது நடக்காமல் இருக்க ஒரு துறையே பின்னால் நிற்கிறது. நமக்கு நிற்பது ஒரு மாலியும் ஒரு ஹோஸ் பைப்பும்.

கேட் வாசலில் இருபதடி நீளத்துக்கு ஒரு பாத்தி போடலாம். சாமந்தி, செண்டுமல்லி, ஜின்னியா வைத்தால் போதும். வருகிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சி, பூஜைக்கும் நாலு பூ. அரை ஏக்கருக்கு இது சரிவராது.

டபேபுயாவும் ஜகரண்டாவும்

கூட்டத்தில் அதிகக் கை தூக்கியது இதற்குத்தான். காரணம் புரிகிறது. டிசம்பர், ஜனவரியில் இளஞ்சிவப்பு டபேபுயா, பிப்ரவரி கடைசியில் மஞ்சள் டபேபுயா, மார்ச்சில் ஜகரண்டாவின் ஊதா, ஏப்ரல், மே மாதங்களில் குல்மொஹரின் சிவப்பு, அதை ஒட்டி இயல்வாகையின் மஞ்சள் என்று இந்த ஊரில் மாதம் ஒரு நிறம் தெருவில் விழும். இது தற்செயலாக அமைந்ததில்லை. 1908ல் லால்பாக் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல், எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு தெருவில் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு நட்டார். 1956ல் இந்த ஊரிலேயே காலமானார். லால்பாக்கை ஒட்டிய ஒரு சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். 1980களில் வன அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் தலைமையில் லட்சக்கணக்கான கன்றுகள் தெருத்தெருவாக நடப்பட்டன. இன்று நாம் நிழலில் நடக்கிறோம் என்றால் அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த மரங்கள் எங்கிருந்து வந்தவை? டபேபுயாக்கள் மத்திய, தென் அமெரிக்கா. ஜகரண்டா அர்ஜென்டினா, பொலிவியாப் பக்கம். குல்மொஹர் மடகாஸ்கர். தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்துப் பிள்ளைதான். வெளியூர் மரம் என்பதற்காகவே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புளியமரமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஊன்றியதுதான். தேவனஹள்ளி பக்கத்து நல்லூர்ப் புளியந்தோப்பை 2007ல் நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். தெருவோரத்தில் நிழலும் நிறமும் வேண்டும், கீழே கேபிள், மேலே வயர், நாலடி மண் என்ற நிலைமையில் இளஞ்சிவப்பு டபேபுயா தாக்குப் பிடிக்கிறது. அங்கே அதற்கு இடம் கொடுக்கலாம்.

ஆனால் அரை ஏக்கர் திறந்த மண் கையில் இருக்கும்போது இந்த மரங்களைக் கொண்டு நிரப்புவதில் எனக்கு மூன்று தயக்கங்கள். ஒன்று, இவற்றின் கொண்டாட்டம் வருஷத்தில் இரண்டு, மூன்று வாரம். மீதி மாதங்களில் கீழே வெறும் தரையும் வாக்கிங் பாதையும்தான். இரண்டு, பூவில் தேன் குடிக்கத் தச்சன் வண்டும் தேன்சிட்டும் வரும், உண்மைதான். ஆனால் இலையைத் தின்று வளரும் உள்ளூர்ப் பூச்சிகளுக்கு இவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. குஞ்சுகளுக்குப் புழு ஊட்டும் பறவைகள் கூடு கட்ட வேறு இடம் தேடும். மூன்றாவது காற்று. ஏப்ரல், மே மாதக் கோடைமழை அடிக்கும் இரவுகளில் சாய்ந்த மரங்களின் படங்கள் மறுநாள் பேப்பரில் வரும்போது கவனித்துப் பாருங்கள். அதில் குல்மொஹரும் இயல்வாகையும் ஆப்பிரிக்கத் துலிப்பும் அடிக்கடி இருக்கும். வேர் மேலோட்டமாக ஓடும், கட்டை நொறுங்கும்.

ஆப்பிரிக்கத் துலிப்பை மட்டும் எங்கேயும் நடவே வேண்டாம். உலகில் மிக மோசமாகப் பரவும் 100 அந்நிய உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் அதுவும் உண்டு. நம் நிலத்தில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில் இருக்கிறது, சுபாபுல்லும் இருக்கிறது.

மியாவாகி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகி உருவாக்கிய முறையில் சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்றுகளை நெருக்கி நடுவார்கள். நம் அரை ஏக்கருக்கு ஆறாயிரம் கன்றுக்குக் குறையாது. மண்ணைத் தோண்டிப் புரட்டி, உமியும் உரமும் கலந்து, இரண்டு மூன்று வருஷம் விடாமல் தண்ணீர் விட வேண்டும். இரண்டே வருஷத்தில் பச்சைச் சுவராக நிற்கும், போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும். பணம் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் அதனால்தான் இது பிடிக்கிறது.

மியாவாகி இதை உருவாக்கியது நல்ல மழை பெறும் ஜப்பானின் பசுமைமாறாக் காடுகளை மனதில் வைத்து. பெங்களூரின் இயல்பான காடு அப்படிப்பட்டதில்லை. இங்கே மரங்கள் விலகி நிற்கும், இடையில் வெயில் தரைக்கு வரும், புல்லும் புதரும் கொடியும் கூடவே வளரும், நான்கு மாதம் எல்லாம் காய்ந்து நிற்கும். ஆறாயிரம் கன்றுகளை நெருக்கினால் அவை வெளிச்சத்துக்காகக் குச்சி குச்சியாக மேலே ஓடும். கிளை பரப்பிப் பூப்பதற்கு இடமே இருக்காது. தொழிற்சாலை மதிலோரத்தில் தூசியையும் சத்தத்தையும் தடுக்க வேண்டும் என்றால் மியாவாகி நல்ல ஏற்பாடு. உள்ளே நடந்து போய் உட்கார்ந்து வர ஓர் இடம் வேண்டும் என்றால் வேண்டாம்.

இந்த மண்ணின் காடு

நகரத்துக்குள் கிடைக்கும் நல்ல பாடம் துரஹள்ளிக் காடு. எங்கள் லேஅவுட்டிலிருந்து பக்கம்தான். கருங்கல் பாறை, செம்மண், புல், முட்புதர், நடுநடுவே மரங்கள். 2021ல் அங்கே மரப் பூங்கா அமைக்க வனத்துறை போட்ட திட்டத்தைச் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். பாதை போட்டு, பெஞ்சு வைத்து, கன்று நட்டால் காடு மேம்படும் என்ற எண்ணம் அங்கே செல்லுபடியாகவில்லை. அந்தப் புதர்க்காடு இருக்கிறபடியே முழுமையானது.

துரஹள்ளி, சாவனதுர்கா, ராம்நகரம், பன்னேர்கட்டா என்று சுற்றிலும் மிச்சம் இருக்கும் காடுகளில் எவை இயல்பாக வளர்கின்றன என்று பார்த்து, அந்தப் பட்டியலைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். புரசு, கொன்றை, புங்கம், நாவல், வேங்கை, ஆச்சா, வெக்காலி, கருமருது, கடுக்காய், தான்றி, நெல்லி, வெட்பாலை, வாகை, இலவு. கால்வாய் ஓரத்துக்கு அத்தி. புதர்களில் ஆவாரை, வெட்சி. நர்சரிக்குப் போகிறவர்கள் கன்னடப் பெயரையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. புரசு அங்கே முத்துகா, கொன்றை கக்கே, புங்கம் ஹொங்கே, நாவல் நேரளே, வேங்கை ஹொன்னே, ஆச்சா கமரா, வெக்காலி திண்டுகா, கருமருது மத்தி, ஆவாரை தங்கடி. வனத்துறை நர்சரிகளில் மழைக்கு முன்னால் இவற்றில் பலவற்றின் கன்றுகள் தனியாரைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும்.

காடு என்றதும் கூட்டத்தில் வந்த முதல் எதிர்ப்பு, "பச்சையாக மட்டும் இருக்கும், கலரே இருக்காது" என்பது. எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

ஜனவரி கடைசியில் இலவு தன் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறும் கிளையில் உள்ளங்கை அளவுச் சிவப்புப் பூக்களை விடும். பிப்ரவரியில் புரசு. ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மென்மயிர் மூடிய கரும்புல்லி. அதிலிருந்து கிளிமூக்கு மாதிரி வளைந்து வரும் செம்மஞ்சள் இதழ், அடியில் ஒரு சொட்டுத் தேன். அந்தச் சொட்டுக்காகக் காலை ஆறரைக்கெல்லாம் மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் அணிலும் வந்து சண்டை போடும். மைனா தலையை உள்ளே விட்டு எடுக்கும்போது நெற்றியில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருக்கும். அடுத்த மரத்துக்கு அதைத்தான் கொண்டு போகிறது. தரையெல்லாம் இதழ் விழுந்து கிடக்கும் அந்த மூன்று வாரமும், எந்த டபேபுயாத் தெருவுக்கும் புரசு குறைந்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

அதே நேரத்தில் சாவனதுர்காப் பாறைச் சரிவுகளில் கோங்கு மஞ்சளாகப் பூக்கும். மார்ச்சில் நிறம் இலையில் வரும். கன்னடத்தில் சாகடே என்றும் வடக்கே குசும் என்றும் சொல்லும் மரம் முழுக்கச் சிவந்த தளிர் விடும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பூ என்றே நினைப்பார்கள். அரசும் இலுப்பையும் செம்பு நிறத்தில் துளிர்க்கும். புங்கம் ஒரே வாரத்தில் பழைய இலையைக் கொட்டிவிட்டு மினுமினுக்கும் இளம்பச்சைக்கு மாறும். கோடை உச்சத்தில், ஊரே வாடும்போது, அந்தப் பச்சையைப் பார்த்தால் கண் தானாக அங்கேயே நிற்கும்.

ஏப்ரலில் கொன்றை. விஷுவுக்கு முதல் நாள் எங்கள் மலையாளி நண்பர்கள் ஒரு கொத்துக்கு மார்க்கெட்டில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். இனி நம் நிலத்திலேயே பறித்துக்கொள்ளலாம். கூடவே வெட்பாலையின் வெள்ளை, வாகையின் வாசம், புங்கத்தடியில் ஊதாப்பூ விரிப்பு. ஜூனில் நாவல்பழம். மழை பிடித்ததும் வேலியோரத்தில் காந்தள் முளைத்து, ஆகஸ்ட் வாக்கில் மஞ்சளும் சிவப்புமாகச் சுடர் விடும். அதன் கிழங்கு விஷம் என்பதால் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். மழையின் பின்பாதியில் வேங்கை பூக்கும், அக்டோபரில் மந்தாரை. ஆவாரை வருஷம் முழுக்கப் பூக்கும். கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக்காரர்கள் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் கூரைப்பூவும் தேடி இனி ஓசூர் போக வேண்டாம்.

இத்தனையும் ஒரே அரை ஏக்கரில், நட்டு ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு. அந்தக் கணக்கை மறைக்கக் கூடாது. கொன்றை, புங்கம், வாகை வேகமாக வரும். வெக்காலியும் ஆச்சாவும் முதல் இரண்டு வருஷம் மண்ணுக்கு மேலே ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும், கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். எங்கள் மேல்மாடி மாமா ஒருவர், எழுபத்தாறு வயது, கூட்டத்தில் எழுந்து, "எனக்கு நிழல் கிடைக்குமோ கிடைக்காதோ, என் பேத்திக்கு நாவல்பழம் கிடைக்கட்டும்பா" என்றார். வாக்கெடுப்பு திரும்பியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்புகள், நியாயமானவை

பாம்பு வரும் என்ற பயம் உண்மையானது. அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. சுவரையும் நடைபாதையையும் ஒட்டி மூன்று மீட்டர் அகலத்துக்குச் சருகு இல்லாமல் வைத்து, பாதைக்கு விளக்குப் போடச் சொல்லியிருக்கிறோம். எலி வந்தால் பாம்பும் வரும், எலி வருவது குப்பைக்கு. குப்பைத்தொட்டி அந்த நிலத்துக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்தாக வேண்டும்.

இலையுதிர் காட்டுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பாதி மரங்கள் மொட்டையாக நிற்கும். போன வருஷம் பக்கத்து லேஅவுட்டில் இலையுதிர்த்து நின்ற ஒரு புரசை, செத்த மரம் என்று சொல்லிப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் பூத்திருக்கும். மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவது கர்நாடகத்தில் 1976ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்பதும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. எந்த மரம் எப்போது இலை கொட்டும், எப்போது பூக்கும் என்று ஒரு பலகை எழுதி வைப்பது அதனால்தான் அவசியம். சருகை எரிக்கவும் கூடாது. மரத்தடியிலேயே மூடாக்காக விட வேண்டும். வெளியோரத்தில் ஒரு நெருப்புத் தடுப்புப் பாதையை மட்டும் கூட்டி வைக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் யாராவது வீசும் ஒரு சிகரெட் போதும், காய்ந்த சருகு பற்றிக்கொள்ள.

அப்புறம் புழுக்கள். கொன்றையின் இலையைப் பச்சைப் புழுக்கள் சல்லடையாக்கிவிடும். மாலி உடனே மருந்தடிக்க வருவார். தடுத்துவிடுங்கள். அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கப் போகிறவை. மரம் இரண்டு வாரத்தில் புதுத் தளிர் விட்டுவிடும். நாவலும் அத்தியும் கார் நிறுத்துமிடத்துக்கு மேல் வேண்டாம். வௌவாலும் குயிலும் செய்யும் அசிங்கத்துக்கு மரத்தின் மேல் கோபப்படுவார்கள்.

எங்கே காடு வேண்டாம்

பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு மேலே சிமென்ட் தளத்தில் மூன்றடி மண் நிரப்பிய தோட்டம்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், பெரிய மரங்களை மறந்துவிடுங்கள். வேருக்கு இடமில்லை, தளத்துக்கும் ஆபத்து. அங்கே வெட்சி, நந்தியாவட்டை, ஆவாரை மாதிரிப் புதர்களும் சில பாத்திகளும் போதும். உள்சாலையோரத்தில் வரிசை மரம்தான் வேண்டும் என்றால் கொன்றையையும் பூமருதையும் மாற்றி மாற்றி வைக்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை மஞ்சளும் ஊதாவுமாக நிற்கும். பூமருதுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் ஈரம் வேண்டும், அது ஆற்றங்கரை மரம்.

உங்கள் நிலத்தில் ஏற்கெனவே உள்ளூர்ப் புதர் நன்றாக இருக்கிறது என்றால் எதையும் நடாமல் விடுவதே நல்லது. உண்ணிச்செடியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மழைக்காலம் காத்திருங்கள். எங்கள் நிலத்தில் ஒரு மூலையை அப்படிச் சுத்தம் செய்து பார்த்ததில், பழைய வெட்பாலைக் கட்டைகளிலிருந்து தளிர் வந்தது. பறவை போட்ட விதையிலிருந்து வேம்பும் புங்கமும் தானாகவே முளைத்திருந்தன. பணம் கொடுத்து வாங்கும் கன்றைவிட இவை உறுதியானவை.

எல்லாரையும் சமாதானப்படுத்த அரை ஏக்கருக்குள்ளேயே பாத்தியும் புல்லும் பூமரமும் காடும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதை நான் பலமாக மறுத்தேன். பாத்திக்கு முழு வெயிலும் தினத் தண்ணீரும் வேண்டும். ஆச்சாவுக்கும் வெக்காலிக்கும் தண்ணீரில்லாமல் காய்ந்து நிற்கும் காலம் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாலி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் விடுவார், ஒரே மாதிரி கூட்டி அள்ளுவார். இரண்டும் கெடும். கடைசியில் இடத்தைப் பிரித்தோம். கேட் வாசலில் பாத்தி, உள்சாலையில் கொன்றையும் பூமருதும், அரை ஏக்கர் முழுக்கக் காடு.

எங்கள் வேலைத் திட்டம்

உண்ணிச்செடி காய்ப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் காட்டில் செய்து காட்டிய முறை எளிமையானது. தரைமட்டத்துக்கு இரண்டு விரல் கீழே வேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் காய்ந்துவிடும். புல்புல் பறவைகள் புதிது புதிதாக விதை கொண்டுவரும் என்பதால் அடுத்த இரண்டு மழைக்காலத்துக்கும் முளைப்பதைப் பிடுங்க ஆள் வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டுக்கொண்டு பிடுங்க வேண்டும். தோலில் பட்டால் சிலருக்குப் பொல்லாத அரிப்பு.

குழிகளை மே மாதக் கோடைமழைக்கு முன்பே எடுத்துவிட்டால் மண் ஆறும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை நிலைத்ததும் நடவு. முதலில் புங்கம், வாகை, நாவல், கொன்றை. அவை கொஞ்சம் நிழல் கொடுக்கத் தொடங்கிய பிறகு, இரண்டாம் வருஷம், வேங்கையும் கருமருதும் வெக்காலியும். ஆளுயரக் கன்று வேண்டும் என்று பலர் அடம் பிடிப்பார்கள். பையில் வேர் சுருண்டு போன பெரிய கன்றைவிட, இரண்டடி உயரச் சின்னக் கன்று மூன்றே வருஷத்தில் முந்திவிடும்.

மூன்று கோடைக்கான தண்ணீர்ப் பொறுப்பையும் களையெடுப்பையும் பெயர் போட்டு, கமிட்டி மாறினாலும் மாறாதபடி, வருஷ பட்ஜெட்டில் தனித் தலைப்பாகவே சேர்க்கச் சொல்லி வாங்கிவிட்டோம். புரசை மட்டும் கன்றாக வாங்கவில்லை. அதன் ஆணிவேர் சீக்கிரம் ஆழமாகப் போய்விடும், இடம் மாற்றினால் சுணங்கும். தட்டையான காய்கள் கோடையில் பழுத்து விழும்போது பொறுக்கி வைத்து, முதல் நல்ல மழையில் நேரடியாக ஊன்ற வேண்டும். விதை நாள்பட்டால் முளைக்காது, அதனால் இந்த மே மாதத்தில் விழுவதை இந்த ஜூனிலேயே போட்டுவிட வேண்டும்.